பௌர்ணமிப் புள்ளி

ஒன்பது ஐந்துக்குக் காந்தத்தை ஏற்ற ஆரம்பித்தேன். முழுப் பலத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினால் சுருள் சூடாகி உள்ளே இருக்கிற ஹீலியம் மொத்தமும் கொதித்து ஆவியாகப் போய்விடும், அதனால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் நான் செய்ததில் பாதி சும்மா உட்கார்ந்திருந்தது, மீதிப் பாதி சும்மா நின்றது. பத்தரை மணிக்கு விழா. வேதாசலம் சாருக்கு எண்பது வயது, இந்த ஆய்வகத்தைக் கட்டியவர், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர், அழைப்பிதழில் பாராட்டுரை என்ற வார்த்தைக்கு எதிரே என் பெயர் இருக்கிறது, முனைவர் கிளாடிஸ் வாஸ், பேராசிரியரின் முதன்மை மாணவி என்று. நாற்பத்தொன்பது வயதில் மாணவி. கைப்பையில் பாராட்டுரை நான்கு பக்கம் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் அந்த வரைபடத்தைப் பற்றி வருகிறது, உலகமே திரும்பிப் பார்த்த வரைபடம் என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். இன்று காலை மீட்டரில் எண் நகர்ந்தால் மூன்றாம் பக்கம் பொய். இருபத்திரண்டு வருஷமாக அவரும் நானும் அந்த மூன்றாம் பக்கத்தின் மேல்தான் நிற்கிறோம். எண் நகராவிட்டால் எனக்குப் பைத்தியம், போன வாரம் முழுக்கத் தூங்காமல் இருந்ததற்கு அதுதான் விளக்கம், பேசாமல் போய்ச் சால்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காந்தத்தின் பலம் இப்போதுதான் அரை டெஸ்லா.

விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை, முதலாண்டுப் பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன். அரிசி அளவு ஒரு சில்லு. அதற்குள் ஒரு தளம், எலக்ட்ரான்கள் அந்தத் தளத்துக்குள்தான் ஓட முடியும், தளத்தை விட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலக முடியாது. கடுங்குளிரில் வைத்துக் காந்தத்தை ஏற்றினால் அதன் குறுக்குமின்தடை படிக்கட்டு மாதிரி நின்று நின்று போகும். ஒவ்வொரு படியும் எந்த ஊரில் அளந்தாலும், எந்தப் பொருளில் அளந்தாலும், யார் அளந்தாலும் ஒரே எண். யார் அளந்தாலும் என்பதுதான் அதன் பெருமை. சாருடைய கேள்வி என்னவென்றால், எலக்ட்ரானுக்கு எடை இருக்கிறதே, அது கீழே விழப் பார்க்குமே, அப்படியென்றால் பூமியின் இழுப்பு அந்தப் படியைத் துளியாவது அசைக்காதா? கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் அசைக்காது என்றார்கள், படியைத் தீர்மானிப்பவை இரண்டே மாறிலிகள், புவியீர்ப்பு அதில் எந்த இடத்தைப் பிடித்து இழுக்கும் என்று கேட்டார்கள். சார் அளந்து பார்க்கலாம் என்றார். அது நல்ல பதில்தான், இப்போதும் அதில் எனக்குக் குறையில்லை. சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி சில்லைத் தொங்கவிட்டோம். ஒரு தடவை மின்சாரம் இடமிருந்து வலமாக ஓடும், பிறகு சில்லைக் கால் திருப்புத் திருப்பினால் தலையிலிருந்து காலுக்கு ஓடும், பூமி இழுக்கிற திசையிலேயே. இரண்டையும் அளந்து கழித்தால் மிச்சம் புவியீர்ப்பு. மிச்சம் வந்தது. கோடியில் மூன்று பங்கு. நாலு வருஷம் நான் நின்று வாங்கிய மூன்று பங்கு.

நின்று என்றால் நிஜமாகவே நின்று. சில்லைத் திருப்புகிற கம்பியின் பூட்டுத் திருகு தேய்ந்துபோயிருந்தது, திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் கம்பி பழைய இடத்துக்கே ஓடிவிடும். இடுக்கி போட்டு இறுக்கலாமா சார் என்று முதல் மாதமே கேட்டேன். இடுக்கி போட்டால் கட்டடத்து அதிர்வெல்லாம் கம்பி வழியாக உள்ளே போகும், மனுஷக் கைதான் மெத்து, உன் கை நடுங்காது கிளாடிஸ்மா, நீயே பிடி என்றார். உன் கை நடுங்காது. அந்த ஒரு வார்த்தைக்கு நாலு வருஷம் நின்றேன் என்றால் யாராவது நம்புவார்களா, நான் நம்புகிறேன், அதற்கு முன்னால் என்னிடம் இருந்த எதையும் யாரும் நல்லது என்று சொன்னதில்லை. இடமிருந்து வலம் அளக்கும்போது தள்ளியிருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். தலையிலிருந்து கால் அளக்கும்போது இருபது நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் வயிற்றை ஒட்டி ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் அந்தப் பெட்டி. பெட்டிக்குள் நாங்கள் ஒப்பிடுவதற்கு வைத்திருந்த நிலைமின்தடை. அது ஒரே சூட்டில் இருக்க எண்ணெய்த் தொட்டி வரவேண்டும், வரவேண்டும் என்று கடைசிவரை வரவில்லை, அதனால் ஊரிலிருந்து அம்மா சீலா மீன் வைத்து அனுப்பிய தெர்மோகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து அதற்குள் பஞ்சைத் திணித்து வைத்தோம். எத்தனை கழுவியும் மூடியைத் திறந்தால் மீன் வாசம் அடித்தது. சைவக்காரரான சார் அதைப் பொறுத்துக்கொண்டார், விஞ்ஞானத்துக்காக எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார் என்று அதையும் அவர் கணக்கில்தான் எழுதினேன். ஒன்றரை டெஸ்லா. ஹீலியம் ஆவி வெளியேறும் குழாய் சீறத் தொடங்கிவிட்டது, அம்மா அடுக்களையில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்.

இன்னொன்று, சிவப்பு பல்பு. அளவு நடக்கும்போது வாசலுக்கு மேல் சிவப்பு பல்பு எரியும், எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது, கதவைக்கூடத் தட்டக்கூடாது, சேதி ஏதாவது இருந்தால் சீட்டில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ள வேண்டும். உள்ளே வருகிற உரிமை சாருக்கு மட்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்தபோது இந்தச் சீட்டு வழக்கத்தை ரொம்பவும் மெச்சினார். இன்றைக்கும் பல்பைப் போட்டிருக்கிறேன், பழக்கதோஷம். உடம்பு திடீரென்று கொதிக்கிறது. இப்போதெல்லாம் இப்படித்தான், காரணமே இல்லாமல் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஒரு சூடு ஏறும், ரவிக்கை நனையும், ரெண்டு நிமிஷத்தில் தணிந்துவிடும், டாக்டர் இந்த வயதுக்கு இது சகஜம் என்கிறாள். அப்போது இந்தச் சூடு இருந்திருந்தால் வரைபடத்தில் இன்னும் பல புள்ளிகள் மேலே போயிருக்கும், சார் அதற்கு வியாழன் கிரகத்தைக் கூப்பிட்டிருப்பார். சிரிப்பு வருகிறது. சிரிக்கவும் பயமாக இருக்கிறது.

அந்தப் புள்ளி. வரைபடத்தில் மற்றப் புள்ளிகளெல்லாம் மூன்றைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் தனியாக ஐந்துக்கு மேல் நிற்கும். ஐந்து புள்ளி ஒன்று. அன்றைக்குப் பௌர்ணமி. நிலா இழுக்கிறது கிளாடிஸ்மா, கடலையே இழுக்கிறது, எலக்ட்ரானை விடுமா என்றார் சார், அவர் கண் கலங்கியிருந்தது. நிலா கடலை ஏற்றி இறக்குகிற இழுப்பு பூமியின் இழுப்பில் கோடியில் ஒரு பங்குதான், அது எப்படி மூன்றை ஐந்தாக்கும் என்று பெருக்கல் தெரிந்த எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு தடவை கேட்டேன். ஏதோ ஒத்ததிர்வு இருக்கும் என்றார், சரி என்று விட்டுவிட்டேன், ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த நேரம், எதையும் கேட்கிற தெம்பு இல்லை. கட்டுரையில் அடக்கமாகத்தான் எழுதினார், நிலவின் நிலையோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று. பத்திரிகைக்காரர்கள் அடக்கத்தையா போடுவார்கள், நிலாவுக்கு ஏங்கும் எலக்ட்ரான் என்று போட்டார்கள். அதிலிருந்து அவர் புவியீர்ப்பு வேதாசலம். எனக்குக் கட்டுரையில் இரண்டாவது பெயர், இந்த வேலை, இந்த அறை. பிறகு மூன்று ஊர்களில் அளந்து பார்த்துச் சுழி, மிச்சம் ஒன்றுமில்லை என்றார்கள், ஒரு குழு நாலு வருஷம் செலவழித்துவிட்டு, எங்களால் காண இயலவில்லை என்று மரியாதையாக எழுதியது. அவர்கள் இடுக்கி போட்டிருக்கிறார்கள், இடுக்கி போட்டால் எப்படி வரும், கையால் பிடித்தால்தான் வரும் என்றார் சார். நானும் அதையே கருத்தரங்கங்களில் சொன்னேன். கையால் பிடித்தால்தான் வரும். அந்தப் பையன்களின் நாலு வருஷத்தை நினைத்தால் இப்போது வாயில் கசக்கிறது, அன்றைக்கு அவர்களைக் கைப்பழக்கம் இல்லாதவர்கள் என்று கேலி பேசினேன்.

மூன்று டெஸ்லா. விழாக் கண்காட்சிக்குப் பழைய குறிப்பேடுகள் வேண்டும் என்று துறைத்தலைவர் மகபூப் கேட்டதால்தான் போன வாரம் அலமாரியைத் திறந்தேன். ஏழாம் நம்பர் நோட்டு. எண்களும் தேதியும் இங்கிலீஷில், மையில். அந்த ஐந்து புள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில், தமிழில், என் கையெழுத்தில் ஒரு வரி. காய்ச்சல் 102. சீட்டு வந்தது. அவ்வளவுதான். அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நோட்டு இருபத்திரண்டு வருஷமாக என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, ஒரு நாளும் அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை, மறதி என்று சொன்னால் யார் நம்புவார்கள். உட்கார்ந்திருக்கும்போது சுழி, நிற்கும்போது மூன்று, காய்ச்சலோடு நிற்கும்போது ஐந்து. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிப் பட்டம் எதற்கு? மனுஷ உடம்பு பக்கத்தில் நின்றால் தெர்மோகோல் பெட்டி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ சூடாகும், உள்ளே இருக்கிற மின்தடை கோடியில் மூன்று பங்கு நகரும், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, தரையில் உட்கார்ந்தே நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

முதல் சீட்டு முந்தின நாளே வந்தது. அக்கா போன், அம்மா சீரியஸ் என்று அலுவலகக் கிளார்க் எழுதித் தள்ளியிருந்தார். அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் ஆறு மாதம், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசியாகப் பேசும்போது, ஏட்டி, அந்த மிஷினு ஒன்ன விடுமா விடாதா என்றாள். விடும்மா, இந்தத் தடவை முடிஞ்சதும் வாரேன் என்றேன். சீட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். ஹீலியம் ஏத்தியாச்சேம்மா, அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது, மூணு நாள்தான், முடிச்சிட்டுப் போயிடு என்றார், கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, தோளைத் தட்டிச் சொன்னார். மூணு நாளில் அம்மா எங்கே போய்விடுவாள் என்று நானும் நினைத்தேன். அன்று ராத்திரியே காய்ச்சல். மறுநாள் காலை கம்பியைப் பிடித்து ஒன்பதாவது நிமிடம், கதவுக்குக் கீழே சீட்டு வழுக்கி வந்தது, எழுத்து மேல்பக்கமாக. நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. அம்மா தவறிட்டாங்க. நீலப் பேனா. குனியவில்லை. குனிந்தால் கம்பி ஓடிவிடும், அதுவரை எடுத்த ஒன்பது நிமிடம் வீண். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. பதினொரு நிமிடமும் நின்றேன். கை நடுங்கவில்லை. பெட்டி என் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது, மூடி வழியாக மீன் வாசம் வந்தது, அவள் வாங்கி, அவள் கழுவி, அவள் உப்புப் போட்டு வைத்த மீனின் வாசம். ஐந்து புள்ளி ஒன்று என்று எழுதினேன். சார் சொன்ன மூணு நாளும் முடிந்து நான் ஊருக்குப் போனபோது அடக்கம் முடிந்துவிட்டது, அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது என்றார்கள், பிலோமி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, இன்றுவரை நேராகப் பார்ப்பதில்லை. எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தப் புள்ளி. அம்மா சாகும்போது பக்கத்தில் இல்லை, ஆனால் உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தது என் காய்ச்சலை. இதைத்தான் தாங்க முடியவில்லை, அவர் பெயர் போவதோ என் பெயர் போவதோ இல்லை.

ஒன்பது ஐம்பது. காந்தம் முழுப் பலத்துக்கு வந்துவிட்டது, படி மேல் நிற்கிறது, மீட்டரைச் சுழிக்குக் கொண்டுவந்தேன். பழைய பெட்டியை அதே ஸ்டூலில் வைத்திருக்கிறேன், அதே மின்தடை, அதே பஞ்சு, உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. வெந்நீர்ப் பை ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், பெட்டி பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அதுதான் முறை. நிரப்பவில்லை. அன்றைக்கு நின்றது நான். சில்லைத் திருப்பப் போவதில்லை, கம்பியைத் தொடப் போவதில்லை, மின்சாரம் இடமிருந்து வலமாகவே ஓடட்டும். புவியீர்ப்புக்கு இன்று விடுமுறை. எழுந்து போய்ப் பழைய இடத்தில் நின்றேன், வயிறு பெட்டியில் பட்டது, அப்போதைவிடச் சீக்கிரமே பட்டது. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. நகரவில்லை, அப்படியென்றால் அந்தப் புள்ளி நிஜம், நிலா நிஜம், அம்மா, நான் நின்றதற்கு ஏதோ ஒன்று கிடைத்தது. ஏழாவது நிமிடம் கடைசி இலக்கம் அசைந்தது. அரை. ஒன்று. குழாய் சீறிக்கொண்டே இருந்தது. பதினொன்றாவது நிமிடம் இரண்டு. பிறகு அந்தச் சூடு நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறியது, டாக்டர் சகஜம் என்று சொன்ன சூடு, நான் பெட்டியின் மூடி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். மூன்று. என்னையறியாமல் அம்மா என்றேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. சிவப்பு பல்பு எரியும்போது உள்ளே வருகிறவர் ஒருவர்தான். ஊன்றுகோல், பட்டு வேட்டி, பின்னால் மகபூப்.

"சார், மண்டபத்துல எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்றார் மகபூப்.

"நீ போப்பா, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்." மெதுவாக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன கிளாடிஸ்மா, இன்னிக்குப் போய் காந்தத்தை ஏத்தியிருக்கே. இன்னும் வருதா?"

"வருது சார்."

"எவ்வளவு?"

"மூணு."

அவர் முகம் மலர்ந்தது. எண்பது வயது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "பாத்தியா. இடுக்கி போட்டவனுக்கெல்லாம் வராது. கையால பிடிச்சாதான்..." என்றவர் என் கைகளைப் பார்த்தார். இரண்டும் பெட்டி மேல் இருந்தன. "கம்பியை யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் பிடிக்கலை சார். சில்லைத் திருப்பவே இல்லை."

அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியதில்லை, என்ன இருந்தாலும் அளந்து பழகியவர். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். ஏழாம் நோட்டு மேஜையில் அவர் எதிரே திறந்துதான் கிடந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓரத்துப் பென்சில் வரியை வாய்க்குள் படித்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், ஐந்து வார்த்தைகூட இல்லை அது.

"உனக்கு ஜுரம்னு எனக்குத் தெரியும்" என்றார். "முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. ஒருவேளை அதனாலயோன்னு ஒரு நிமிஷம் தோணக்கூடச் செஞ்சுது. ஆனா அன்னிக்குப் பௌர்ணமி. ரெண்டும் இருந்துச்சு. நான் நிலாவை எடுத்துக்கிட்டேன்."

அவர் தெரியாது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. கத்த வேண்டும் போல இருந்தது. சொன்னது இவ்வளவுதான்.

"ரெண்டு இல்லை சார், மூணு இருந்துச்சு. எங்கம்மா."

அவர் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மேடையில சொல்லப்போறியா?"

"என் பேரும் அந்தக் கட்டுரையில இருக்கு சார். ரெண்டாவதா."

பெட்டியை விட்டு விலகி வந்தேன். மேஜையோரமாக நின்று நோட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில், ஓரத்தில் அல்ல, நடுவில், மையில், தமிழில் எழுதினேன். சில்லு திருப்பப்படவில்லை. பெட்டி அருகே நான் நின்றேன். மூன்று. கீழே பெயரையும் தேதியையும் போட்டேன். மீட்டரில் எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டே முக்கால், இரண்டரை, நான் விலகிவிட்டது அதற்குத் தெரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து பாராட்டுரையை எடுத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் மடித்து அந்தப் பெட்டிக்குள் பஞ்சின் மேல் வைத்து மூடினேன். மேடையில் படிக்க நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மற்ற மூன்று பக்கமும் உண்மைதான், அதையும் படிப்பேன்.

சார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "கொஞ்சம் கையைக் குடும்மா" என்றார். கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தவர் உடனே விடவில்லை, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை சூடா இருக்கே கிளாடிஸ்மா."

"அப்பவும் இப்படித்தான் சார் இருந்துச்சு. நீங்க தொட்டுப் பாக்கலை."